தயிர் டப்பாவில் ஒரு கலோரிமீட்டர்: 51.8 எப்படி 55.9 ஆனது

பதினொன்றாம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் நடத்தும்போது நடுநிலையாக்கல் வெப்பத்தை, அதாவது அமிலமும் காரமும் சேரும்போது வெளிவரும் வெப்பத்தை, செய்துகாட்டுவது வழக்கம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி., ஒரு டம்ளர், ஒரு தெர்மாமீட்டர். கலக்கு, எவ்வளவு ஏறுகிறது பார், கரைசலின் எடையாலும் 4.18-ஆலும் (ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடாக வேண்டிய ஜூல்) பெருக்கு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாடப்புத்தகங்கள் மோலுக்கு 57.3 கிலோஜூல் என்கின்றன. எங்கள் மாணவர்களுக்கு இந்த முறை வந்தது 51.8.

"சார், அஞ்சு கிலோஜூல் எங்க போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"வெப்ப இழப்பும்மா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் நடைமுறை. செய்முறைக் குறிப்பேட்டில் அதையே 'பிழைக்கான காரணம்' என்று எழுதிவிடுவார்கள். சிலர் வெப்பநிலை உயர்வையே 6.85 என்று மாற்றி எழுதி 57.3-ஐ எட்டிவிடுவார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆற்றல் அழியாது என்று முதல் விதியைச் சொல்லிக்கொடுத்த கையோடு, பத்து சதவீத ஆற்றல் காணாமல் போனதைக் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம். அந்த ஐந்து கிலோஜூல் எங்கெங்கே போனது என்று, தயிர் டப்பாவில் ஒரு கலோரிமீட்டர், அதாவது வெப்பம் அளக்கும் பாத்திரம், செய்து ஒவ்வொரு ஜூலாகத் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாத்திரம். வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இரண்டு தெர்மாகோல் கப்பை ஒன்றுக்குள் ஒன்று வைக்கச் சொல்லும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையில் தெர்மாகோல் கப்பும் அடக்கம், அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கண்ணாடி பீக்கர் இதற்குச் சரிவராது. 250 மி.லி. பீக்கர் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், கண்ணாடியின் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிராம் ஒரு டிகிரி சூடாக வேண்டிய வெப்பம்) 0.84 ஜூல். அதாவது ஒவ்வொரு டிகிரிக்கும் 80 ஜூலைப் பீக்கரே எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது இளைத்த சுவர், குறைந்த எடை. 200 கிராம் தயிர் வரும் பிளாஸ்டிக் டப்பா அதற்கு அருமையாகப் பொருந்துகிறது. எங்களிடம் இருந்தது 8 கிராம். நீர்த்த அமிலமும் காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை.

டிவி பெட்டிக்குள் வரும் தடித்த தெர்மாகோலை டப்பா இறுக்கமாக உட்காரும்படிக் குடைந்து, சுற்றிலும் 3 சென்டிமீட்டர் சுவர் இருக்குமாறு விட்டோம். மூடியும் அதே தெர்மாகோலில். அதில் இரண்டு துளை: ஒன்று வெப்பநிலை உணரிக்கு, இன்னொன்று கலக்கும் குச்சிக்கு. குச்சி என்றால் பிளாஸ்டிக் ஸ்பூனின் காம்புதான். கண்ணாடிக் கம்பி தன் பங்குக்கு வெப்பத்தைக் குடிக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டோம்.

தெர்மாமீட்டருக்குப் பதில் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை உணரியை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு இணைத்துக்கொண்டோம். நீர் புகாத எஃகு உறையோடு கடையில் கிடைப்பது. இது காட்டும் அளவு அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தயாரிப்பு விவரத்தாளே சொல்கிறது. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அந்த வித்தியாசத்தில் பதினாறில் ஒரு டிகிரி வரை இது பிரித்துச் சொல்லும். எஃகு உறையை அமிலத்தில் ஊறவிடாமல், ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

இனி டப்பாவின் சொந்தக் கணக்கு. டப்பா, உணரி, குச்சி எல்லாம் சேர்ந்து ஒரு டிகிரி சூடாக எத்தனை ஜூல் எடுக்கும்? இது தெரியாமல் எந்த வினையையும் அளக்க முடியாது, ஆனால் பள்ளிச் சோதனைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

எளிய வழி, குளிர்ந்த நீரில் வெந்நீரைக் கலப்பது. டப்பாவில் 50 கிராம் நீர் 29.4 டிகிரியில். அதில் 49.4 டிகிரி வெந்நீர் 50 கிராம். கலவை 38.94 டிகிரியில் நின்றது. வெந்நீர் இழந்தது 2186 ஜூல், குளிர்ந்த நீர் பெற்றது 1994 ஜூல். மீதி 192 ஜூல் டப்பாவுக்குப் போயிருக்க வேண்டும். அதை 9.54 டிகிரியால் வகுத்தால் டிகிரிக்கு 20 ஜூல். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுதி வெப்பநிலையில் வெறும் 0.1 டிகிரி தவறினால் இந்த 20 என்பது 16-ஆகவோ 25-ஆகவோ மாறிவிடும். பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணை எடுக்கும் எந்த முறைக்கும் இந்தப் பலவீனம் உண்டு. போதாக்குறைக்கு, வெந்நீர் ஊற்றும்போதே காற்றில் கொஞ்சம் ஆறிவிடும். மறுபடி மறுபடி செய்தபோது 12-இலிருந்து 30 வரை எல்லா எண்ணும் வந்தன.

அதனால் மின்சாரத்துக்குப் போனோம். மின்னோட்டம் தரும் வெப்பத்தை ஜேம்ஸ் ஜூல் 1840-களில் அளந்து காட்டிய வழிதான். 15 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை எபாக்சி பசையால் நன்றாக மூடி, 100 கிராம் நீருக்குள் இறக்கினோம். 12 வோல்ட் அடாப்டர். ரெசிஸ்டரின் கால்களிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 11.92 வோல்ட், ஓட்டம் 0.79 ஆம்பியர். ஐந்து நிமிடத்தில் உள்ளே போனது 2825 ஜூல். வெப்பநிலை உயர்ந்தது 6.35 டிகிரி. ஆக மொத்தம் டிகிரிக்கு 445 ஜூல். நீருக்கு 418 போக மீதி 27. ரெசிஸ்டரின் செராமிக் உடலுக்கு அதன் எடையை வைத்து ஏறக்குறைய 7 கழித்தால் 20 நிற்கிறது. வெந்நீர் முறை தந்த எண்களுக்கு நட்டநடுவில் இது வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. வோல்ட்டும் ஆம்பியரும் விநாடியும் வேதியியலைச் சாராத அளவுகள். அவற்றைக் கொண்டு பாத்திரத்தை அளந்துவிட்டால் பிறகு எந்த வினையையும் அதில் போடலாம்.

இப்போது அமிலமும் காரமும். சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைக்கும்போதே நன்றாகச் சுடும், எனவே கரைசலை முந்தைய நாளே தயாரித்துவிட வேண்டும். இரண்டு பாட்டில்களையும் இரவு முழுக்க ஒரே வாளித் தண்ணீரில் நிற்கவைத்தோம். காலையில் இரண்டும் 30 டிகிரி. அமிலத்தின் செறிவைத் தரம்பார்த்து 1.00 மோலார் என்று உறுதிசெய்துகொண்டோம். ஆக்சாலிக் அமிலத்தை வைத்துக் காரத்தை, காரத்தை வைத்து அமிலத்தை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொடுத்தார்கள். காரம் வேண்டுமென்றே 1.05 மோலார். அமிலம் முழுவதும் தீர்ந்தாக வேண்டும், அப்போதுதான் 0.05 மோல் என்று துணிந்து எழுதலாம். காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிப் பலவீனமாகும் என்பதால் அந்தக் கூடுதல் ஐந்து சதவீதம் காப்பாகவும் இருக்கிறது. கண்ணாடி அணியாமல் யாரும் காரத்தைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கலப்பதற்கு முன் மூன்று நிமிடம், பத்து விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலை பதிவாகிறது. மூன்றாவது நிமிடத்தில் காரத்தை ஒரே வீச்சில் ஊற்றி, மூடி, காம்பால் சீராகக் கலக்கிக்கொண்டே பத்தாவது நிமிடம் வரை பதிவு தொடர்கிறது. தாளில் வரைந்தால், முதலில் ஒரு தட்டையான கோடு, பிறகு செங்குத்தான ஏற்றம், உச்சிக்குப் பிறகு மெல்லச் சரியும் ஒரு நேர்கோடு.

மாணவர்கள் எழுதிக்கொள்வது உச்சியை. அந்த உச்சியில் ஏற்கெனவே இழப்பு கலந்திருக்கிறது. உணரி சூட்டைப் பிடிக்கவும் கரைசல் முழுவதும் ஒன்றாகக் கலக்கவும் ஆகும் நேரத்திலேயே வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எனவே சரியும் கோட்டை அளவுகோல் வைத்துப் பின்னோக்கி, கலந்த அந்த மூன்றாவது நிமிடம் வரை நீட்ட வேண்டும். அது செங்குத்துக் கோட்டை வெட்டும் இடம்தான், இழப்பே இல்லாமல் ஒரு நொடியில் வினை முடிந்திருந்தால் வந்திருக்கும் வெப்பநிலை. மூடியோடு செய்ததில் உச்சி 6.4 டிகிரி உயர்வு, நீட்டிய கோடு காட்டியது 6.5. மாணவர்கள் மூடி இல்லாமல், கண்ணாடி தெர்மாமீட்டர் நின்று நிலைக்கும் வரை காத்திருந்து எடுத்தது 6.2.

மூடிக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வேண்டும். பத்தில் ஒரு கிராம், அதாவது இரண்டு சொட்டு நீர் ஆவியாகிப் போனால் 240 ஜூல். நம் கலவை ஒரு டிகிரி ஏற 430 ஜூல்தான் தேவை என்றால், அந்த இரண்டு சொட்டு அரை டிகிரிக்கும் மேல் தின்றுவிடும். தெர்மாகோல் சுவரின் தடிமனைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். திறந்த மேற்பரப்புதான் பெரிய ஓட்டை.

எண்களை வரிசையாகப் பார்க்கலாம். மூடி இல்லாத உச்சி 6.2, பாத்திரத்தைக் கணக்கில் எடுக்காமல் 418-ஆல் பெருக்கி 0.05 மோலால் வகுத்தால் மோலுக்கு 51.8 கிலோஜூல். நீட்டிய கோட்டின் 6.5-ஐ எடுத்தால் 54.3. டப்பாவின் 20 ஜூலைச் சேர்த்தால் 56.9. இங்கேயே நிறுத்திவிட ஆசை வரும், புத்தக மதிப்புக்கு மிக அருகில் வந்துவிட்டோமே! ஆனால் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. உள்ளே இருப்பது 100 கிராம் தூய நீர் இல்லை, 102 கிராம் உப்புக் கரைசல். கடல்நீரைப் போலவே உப்புக் கரைசலின் தன்வெப்ப ஏற்புத்திறனும் நீரைவிடக் குறைவு, நம் கரைசலுக்குச் சுமார் 4.02. அப்படிப் பார்த்தால் கரைசலுக்கு 410, டப்பாவோடு 430. விடை 55.9. வெப்பநிலையிலும் டப்பாவின் எண்ணிலும் உள்ள ஐயத்தைச் சேர்த்தால் ஒரு கிலோஜூல் கூடலாம், குறையலாம்.

"சார், 56.9-ஐ விட்டுட்டு ஏன் 55.9-க்கு இறங்குறீங்க? தள்ளிப் போகுதே" என்றான் ஒருவன்.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. 57.3 என்பது எந்த வெப்பநிலைக்கான மதிப்பு என்று யாரும் கேட்பதே இல்லை. மிக நீர்த்த கரைசலில், 25 டிகிரியில், ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகும்போது வெளிவருவது 55.8 கிலோஜூல். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் இது சுமார் 0.22 குறைகிறது. இரண்டு அயனிகளும் தங்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துவைத்திருக்கின்றன. அவை மறைந்து நீரானதும் அந்தப் பிடி விட்டு, வெப்ப ஏற்புத்திறன் கூடிவிடுகிறது. வினை வெப்பம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்லும் கிர்காஃப் சமன்பாட்டை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது கைக்கு வரும் இடம் இதுதான். 18 டிகிரிக்குக் கணக்கிட்டால் 57.3 வருகிறது. புத்தகத்தின் 57.3 அந்தக் குளிர்ந்த அறைக்குப் பொருந்தும் எண். எங்கள் ஆய்வகத்தின் 30 டிகிரியில் அது 54.7. நாங்கள் எடுத்தது 1 மோலார் கரைசல்கள் என்பதால், கலக்கும்போது அமிலம் நீர்த்துப் போகும் வெப்பமும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது. எனவே 54.7-க்குச் சற்று மேலே, 56-ஐ ஒட்டி வருவது நியாயமான விடை. ஏப்ரல் மாதத்தில் நம் ஊரில் சோதனை செய்து 57.3 வந்தது என்று ஒரு மாணவர் எழுதினால், இனி நான் அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

அறையின் வெப்பநிலை முக்கியம் என்பது பழைய பாடம்தான். பிரெஞ்சு அறிஞர்கள் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமீட்டரை 1782–83 குளிர்காலத்தில்தான் பயன்படுத்தினார்கள். சுற்றிலும் பனிக்கட்டி, உள்ளே வினை, உருகிய நீரை எடைபோட்டால் வெப்பம் தெரிந்துவிடும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல். எங்களுடைய 2795 ஜூல் எட்டரைக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவான பனியை உருக்கியிருக்கும். உறைநிலைக்கு அருகே அறை இருந்தால்தான் அந்த முறை ஒழுங்காக நடக்கும் என்பது பாரிசின் குளிர்காலத்தில் அவர்களுக்கே தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்க அவர்கள் இன்னொரு பனி உறையையும் வெளிப்பக்கம் வைத்தார்கள்.

பாத்திரம் நம்பகமாகிவிட்டதால் ஹெஸ் விதியையும் சோதித்தோம். ஜெனிவாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த ஜெர்மேன் ஹெஸ் 1840-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடி வெளியிட்டது. எந்த வழியில் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் வெப்பமும் ஒன்றே. முதல் வழி: 2 கிராம் காரத் துகள்களை 50 மி.லி. நீரில் கரைப்பது, பிறகு அதை 50 மி.லி. அமிலத்தோடு கலப்பது. கரைந்ததில் மோலுக்குச் சுமார் 43 கிலோஜூல், நடுநிலையாக்கலில் 56, கூட்டினால் 99. இரண்டாம் வழி: அதே 2 கிராமைப் பாதியாக நீர்த்த 100 மி.லி. அமிலத்தில் நேரடியாகப் போடுவது. வெப்பநிலை 11.5 டிகிரி ஏறியது. விடை 98.9. காரத் துகள் தராசிலேயே ஈரம் குடித்துப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும் என்பதால் மூடிய சிறு பாட்டிலில் எடைபோட வேண்டும், துகள் அடியில் ஒட்டாமல் விடாமல் கலக்கவும் வேண்டும். இந்த 98.9-ஐக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் எழுந்த சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசியாக யூரியா. உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பவர்களுக்குக் கை சில்லிடுவது நன்றாகத் தெரியும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பார்த்ததுதான். உரக்கடை யூரியா இப்போது வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, அது நீரின் மேல் படலமாக மிதக்கும். எனவே ஆய்வக யூரியாவையே எடுத்தோம். 6 கிராம், 100 கிராம் நீரில். 3.4 டிகிரி இறங்கியது. கணக்கிட்டால் மோலுக்கு 15.2 கிலோஜூல் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது. அட்டவணை மதிப்பும் 15-ஐ ஒட்டியதே. இங்கே கோடு தலைகீழ்: வெளியிலிருந்து வெப்பம் உள்ளே கசிவதால், அடியைத் தொட்ட பிறகு கோடு மெல்ல மேலே ஏறும். பின்னோக்கி நீட்டினால் இறக்கம் இன்னும் ஆழமாகும். வெப்ப இழப்பு என்று எழுதிப் பழகியவர்கள் இங்கே வெப்ப வரவு என்று எழுத வேண்டியிருந்தது. குறி எந்தப் பக்கம் என்று அவர்களே வாதிட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஆய்வகத்தில் ஆறு மாணவர் குழுக்களுக்கும் ஆளுக்கொரு டப்பா இருக்கிறது. அதனதன் வெப்ப ஏற்புத்திறனை அடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறோம். டப்பாவோ உணரியோ மாறினால் அந்த எண்ணை அழித்துவிட்டு, ரெசிஸ்டரை மறுபடி இறக்கி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகே அமில பாட்டிலைத் திறக்கலாம். அடுத்து அமோனியாக் கரைசலை வைத்து அளக்கப்போகிறோம். வலிமை குறைந்த காரம் என்பதால் 25 டிகிரியில் மோலுக்கு 52 கிலோஜூல் அளவுக்குத்தான் வர வேண்டும், சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் அதற்கும் உள்ள அந்த மூன்றரைக் கிலோஜூல் இடைவெளியை எங்கள் டப்பாவால் பிரித்துக் காட்ட முடியும்.